தொட்டி மீனும் தாங்கல் மீனும்

வீட்டைக் கொஞ்சம் மாற்றிக் கட்டலாம் என்று மகன் பேச்செடுத்ததும் முதல் மனு பேத்தியிடமிருந்து வந்தது. "தாத்தா, வாசல்ல மீன் குளம் வேணும். கலர் மீனா இருக்கணும்." மகன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். கண்ணாடிச் சுவர், நீல விளக்கு, செயற்கை அருவி, உள்ளே ஆரஞ்சும் வெள்ளையுமாக ஜப்பான் கோய் மீன்கள். செலவு இரண்டு லட்சத்தைத் தாண்டும் என்று ஒப்பந்தக்காரர் சொல்லியிருக்கிறார். இருபத்து நான்கு மணி நேரமும் மோட்டார் ஓட வேண்டும் என்பது தனி.

வங்கியில் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். கனவோடு வருகிறவரிடம் மூன்று கேள்வி கேட்பது பழக்கம். தண்ணீர் எங்கிருந்து வரும்? கழிவு எங்கே போகும்? திட்டம் தோற்றால் நட்டம் யார் தலையில் விழும்? கிணற்றுக் கடனுக்கும் இதுதான், கோழிப்பண்ணைக் கடனுக்கும் இதுதான். மீன் குளத்துக்கும் அதையே கேட்டுப் பார்த்தேன்.

மூன்றாவது கேள்வியில் நானே மாட்டிக்கொண்டேன்.

வேலையில் இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று சொல்லி, விரல் நீளத்தில் ஒரு 'டேங்க் கிளீனர்' மீனையும் வாங்கிவந்தேன். இரண்டு மூன்று வருஷத்தில் அது ஒரு அடியைத் தாண்டிவிட்டது. கறுப்பு உடம்பு, முதலைத் தோல் மாதிரி முரட்டுத் தகடுகள். திரும்பினாலே தொட்டி அதிர்ந்தது. கொல்ல மனசு வரவில்லை. ஒரு சாயங்காலம் பக்கெட்டில் எடுத்துப்போய்ப் பக்கத்து ஏரியில் விட்டுவிட்டு, புண்ணியம் செய்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஓய்வு பெற்று, திருவள்ளூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் இயற்கை விவசாயம் ஆரம்பித்த பிறகு, அங்கே ஒரு ஏரிக்கரையில் வலைக்காரர் ஒருவரோடு பழக்கமானது. ஒருநாள் வலையிலிருந்து அதே ஜாதி மீன்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கரையில் எறிந்துகொண்டிருந்தார். முள்ளில் மாட்டி வலை கிழிந்திருந்தது. "இத யாரும் வாங்க மாட்டாங்க சார். யாரோ வீட்டுத் தொட்டியில வெச்சிருந்து ஏரியில வுட்டதுதான் இதெல்லாம்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. நான் விட்டது வேறு ஏரி, ஒரே ஒரு மீன். ஆனால் என்னைப் போல எத்தனை பேர் எத்தனை பக்கெட்டைக் கவிழ்த்திருப்பார்கள்?

அந்த மீனின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. ஏரிக்கரை மண்ணைக் குடைந்து பொந்து வைத்து முட்டையிடும். கரை வலுவிழக்கும். காற்றையும் சுவாசிக்க முடிவதால் தண்ணீர் வற்றினாலும் பல மணி நேரம் தாங்கும். நம் கெண்டைக்கும் அயிரைக்கும் உரிய பாசியை மேய்ந்துவிடும். மேலே தகடு இருப்பதால் நாரையும் கொக்கும் அதை எளிதில் விழுங்க முடியாது. ஒரு வரியில் சொன்னால், இது தண்ணீருக்குள் முளைத்த சீமைக்கருவேலம்.

நம் ஏரிகள் தனித்தனியாக இருப்பவை அல்ல. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கால்வாயில் இறங்கிக் கீழ் ஏரிக்குப் போகும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். முன்னோர் தண்ணீருக்காகக் கோத்து வைத்த அதே சங்கிலியில்தான் இந்த மீனும் ஊர் ஊராகப் போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனை வீட்டுத் தொட்டிகளும் மீன் பண்ணைக் குட்டைகளும் மூழ்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அன்று யாரும் பக்கெட்டைக் கவிழ்க்கவே வேண்டியிருந்திருக்காது.

இது புதுக்கதையும் இல்லை. வெங்காயத்தாமரையை அதன் பூவழகுக்காகத்தான் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அதை அள்ள ஏரிக்கு ஏரி இயந்திரம் தேவைப்படுகிறது. கோய் என்பது சாதாக்கெண்டையின் வண்ண வடிவம். அந்தச் சாதாக்கெண்டை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. கொசுவை ஒழிக்க என்று 1928-இல் கம்பூசியா மீனைக் கொண்டுவந்தார்கள். அது கொசுப்புழுவோடு நிற்காமல் நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கத் தடை இருக்கிறது. இருந்தும் அது சந்தையில் கிடைக்கிறது. எல்லாமே நல்ல எண்ணத்தோடோ லாபக் கணக்கோடோ வந்தவைதான். நட்டக் கணக்கு மட்டும் ஏரியின் பேரில் எழுதப்பட்டது.

அப்படியானால் மீனே வளர்க்கக் கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. மெரினாவில் 1909-இலேயே மீன் காட்சியகம் திறந்து, கூட்டம் கூட்டமாக மக்கள் போய்ப் பார்த்த ஊர் இது. கொளத்தூரில் வண்ண மீனை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அவர்கள் வயிற்றில் அடிக்க வேண்டும் என்பதும் என் வாதமில்லை. கடையில் விற்ற மீன் ஏரிக்குப் போனால், கொண்டுபோனது வாங்கியவர் கைதான். என் கையும் அதில் ஒன்று.

எனவே பேத்தியின் மனுவைத் தள்ளுபடி செய்யவில்லை. திட்டத்தை மட்டும் திருத்தி எழுதினேன்.

கொல்லைப்புறத்தில் 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு குளம். சுமார் 5,000 லிட்டர் பிடிக்கும். பாதி நாள் வெயில், பாதி நாள் முருங்கை நிழல். நாள் முழுக்க வெயில் அடித்தால் சித்திரையில் தண்ணீர் கொதித்து மீன் தவிக்கும். பிராணவாயுவும் குறையும்.

முதல் கேள்வி, தண்ணீர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. ஐப்பசியில் ஒருநாள் ஆறு சென்டிமீட்டர் பெய்தால் குளம் நிரம்பிவிடும். முதல் மழையைக் கழித்துவிட்டு அடுத்த மழையைக் குளத்துக்குத் திருப்ப வேண்டும். மிச்சம் மழைநீர்க் குழிக்குப் போகட்டும். கோடையில் குழாய்த் தண்ணீரைக் கலக்க நேர்ந்தால், குளோரின் போக ஒருநாள் திறந்து வைத்த பிறகு ஊற்றலாம்.

இரண்டாவது கேள்வி, கழிவு. இதற்கு இயற்கை உழவர்களான நமக்குப் பாடமே தேவையில்லை. மீன் கழிவில் அமோனியா இருக்கிறது. அது மீனுக்கு நஞ்சு. நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் செடிக்கு உணவு. மண்ணில் நடக்கும் அதே வேலைதான். ஆனால் அந்த நுண்ணுயிர்கள் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனைக் கொட்டினால் சாகும். "வாங்கின அன்னிக்கே போச்சு" என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஆறு வாரம் பொறுக்காதவர்கள். பயிர்க் கடனில் அறுவடை வரை தவணை கேட்க மாட்டோம் இல்லையா? குளத்துக்கும் அந்த அவகாசம் வேண்டும். குளத்தடியில் கூழாங்கல்லும் கொஞ்சம் தோட்ட மண்ணும், மேலே அல்லியும், தண்ணீருக்குள் வேலம்பாசியும் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு வாரம் 500 லிட்டர் மொண்டு கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் ஊற்றிவிட்டு அதே அளவு புதுத் தண்ணீர் சேர்க்கலாம். வடிகட்டி மோட்டாரின் வேலையில் பாதியைச் செடிகளே செய்துவிடும்.

மீன் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாம் நம் ஊர்த் தண்ணீரில் பிறந்தவையாக இருக்க வேண்டும். உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டோடு மேல்மட்டத்திலேயே நீந்தும் முண்டக்கண்ணி இருபது. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், இந்த மீன் அதன் புழுவைப் பொறுக்கித் தின்னும். நடுத்தண்ணீருக்குச் சின்னக் கெண்டை இருபது, அடிமண்ணைக் கிளற அயிரை கொஞ்சம். விரால் வேண்டாம், மற்றதைத் தின்றுவிடும். பனையேறிக் கெண்டையும் வேண்டாம், மழை நாளில் வேலி தாண்டிவிடும். 1791-இல் தரங்கம்பாடியில் டேனிஷ் அதிகாரி ஒருவர் அது பனைமரத்தில் ஏறுவதைப் பார்த்ததாக எழுதி வைத்திருக்கிறார். அந்தச் செய்தியை வைத்து இன்றுவரை வாதம் நடக்கிறது!

நாட்டு மீன் என்பதற்காகக் கண்ட இடத்தில் அள்ளவும் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் மட்டுமே வாழும் 'மிஸ் கேரளா' மீனைத் தொட்டிக்காகவே பிடித்துப் பிடித்து அருகிப்போக வைத்தார்கள். வயல் வாய்க்காலில் இருந்து பத்து இருபது போதும். நல்ல குளமாக இருந்தால் அவையே பெருகும்.

மூன்றாவது கேள்விக்கு மூன்று காப்பீடு. குளத்தின் விளிம்பைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தினேன். வழிந்தோடும் குழாய் வாயில் சல்லடை போடச் சொன்னேன். இவ்வளவுக்கும் பிறகு வெள்ளம் வந்து மீன் வெளியே போனாலும் கவலையில்லை, அது தன் வீட்டுக்குத்தான் போகும். வெளிநாட்டு மீனுக்கு இந்த மூன்றாவது காப்பீடு கிடையாது.

மகனுக்கு முழுத் திருப்தி இல்லை. "கெண்டைல என்னப்பா கலர் இருக்கு?" என்றான். வயலிலிருந்து பிடித்து வந்த நான்கைந்தை ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டு, காலை வெயிலில் பேத்தி கையில் கொடுத்தேன். "தாத்தா, இதுக்கு வாலுகிட்ட ஒரு கறுப்புப் பொட்டு!" என்றாள். விவாதம் அதோடு முடிந்தது.

நம் இயக்கத்தாரிடம் கேட்க எனக்கு மூன்று விஷயங்கள் உண்டு. ஒன்று, வளர்த்த மீன் எதையும் ஏரி, குளம், கிணறு, பண்ணைக்குட்டை எதிலும் விடாதீர்கள். வேண்டாமென்றால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், வளர்ப்பவரிடம் கொடுங்கள். இரண்டு, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. ஊர் ஏரியை மீன் குத்தகைக்கு விடும்போது ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக் கூடாது என்ற நிபந்தனையைத் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனிக் குழுவே இருக்கிறது. ஏரியைக் கவனிப்பது நமக்குப் புதிய வேலையில்லை. மூன்று, வலைக்காரர் கரையில் எறியும் அந்த முரட்டு மீனை வீணாக்காதீர்கள். சாக்கடை கலக்காத ஏரியாக இருந்தால் அதை வாங்கி, துண்டாக்கி, சம எடை நாட்டு வெல்லம் சேர்த்து, மூடி வைத்தால் 21 நாளில் மீன் அமிலம். 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லிக்கு மேல் வேண்டாம். தகடு கரையாது, வடிகட்டி எருக்குழியில் போடுங்கள். நான் இப்போது அந்த வலைக்காரரிடம் கிலோவுக்கு ஒரு விலை பேசி எடுத்துக்கொள்கிறேன். கிழிந்த வலைக்கு அது ஈடாகாது. ஆனாலும் பிடித்ததைத் திரும்பத் தண்ணீரில் தள்ளாமல் அவர் எடுத்து வைக்க ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

தாங்கல் என்றால் மழைநீரைத் தாங்கி நிற்கும் சிறு ஏரி. ஐயப்பன்தாங்கல், பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்று நம் ஊர்ப் பேரிலேயே தண்ணீர் இருக்கிறது. எங்கள் ஊரில் இன்று பஸ் டிப்போவும் மெட்ரோ தூணும் அடுக்குமாடியும்தான் கண்ணில் படுகின்றன. வெளியூரிலிருந்து வருகிறவருக்குத் தாங்கல் எங்கே என்று காட்டுவதே சிரமம். இருக்கிற தண்ணீரையாவது அதற்குரிய மீன்களுக்கு விட்டு வைப்போம். வீட்டுக் கொல்லையில் தோண்டும் குளம் ஒரு சின்னத் தாங்கலாக இருக்கட்டும்.

பேத்தி தினமும் எண்ணிக் கணக்கு வைக்கிறாள். ஆறு வாரத்தில் இன்னும் பதினோரு நாள் பாக்கி.