வேலை முடிந்து வந்து... கதவைத் தட்டிய கணக்கு

சென்ற இதழில் குளிர்காலத்து காஸ் பில்லைப் பற்றி எழுதியிருந்தோம். இம்முறை எங்கள் வீட்டு வாசலில் நடந்த ஒரு சம்பவத்தோடு தொடங்குகிறோம்.

போன மாசி மாதம் ஒரு கடிதம் வந்தது. குடும்பங்களின் வரவு செலவு பற்றிய அரசாங்க ஆய்வு ஒன்றுக்கு எங்கள் விலாசம் தெரிவாகியிருப்பதாகவும், ஒருவர் நேரில் வருவார் என்றும் அதில் எழுதியிருந்தது. அப்போது எங்கள் வீட்டில் ஒன்பது பேர். கீழே அக்கா குடும்பம், மேலே நாங்கள், முன் சின்ன அறையில் இரண்டு பெடியள். கடிதத்தைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுச் சுற்றி நின்று பார்த்தோம். "இது ஹோம் ஒபீஸின்ர வேலை" என்றான் ஒரு பெடியன். "இல்லையடாப்பா, கவுன்சில்காரர் காசை வெட்டப் பாக்கினம்" என்றார் அத்தான். அக்கா மட்டும் அடுப்பைப் பார்த்தபடி, "ஊரிலயும் இப்பிடித்தானே. வீட்டில எத்தினை பேர் எண்டு எழுதிக்கொண்டு போவினம். பிறகு ராவில வருவினம்" என்றா. அதற்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.

வந்தது ஒரு பெண்மணி. மழையில் நனைந்துகொண்டு இரண்டு தரம் பெல் அடித்தா. நாங்கள் ரீவியை நிறுத்திவிட்டு, பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். அவ ஒரு அட்டையைக் கதவுத் துவாரத்தால் போட்டுவிட்டுப் போனா.

இதை வேலைத்தலத்தில் ஒரு பகிடியாகச் சொன்னோம். எங்களோடு பக்கிங் லைனில் நிற்கும் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் யோர்க் நகரத்தவர். அவர் சிரிக்கவில்லை. "எங்கள் ஊரில் இப்படிக் கதவைத் தட்டிக் கேட்டதால்தான் தொழிலாளி ஏன் ஏழையாக இருக்கிறான் என்பது வெளியில் தெரிந்தது" என்றார். அவர் சொன்னதைக் கேட்டு, பிறகு நூலகத்திலும் தேடிப் பார்த்து அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

யோர்க்கில் ரௌன்றீ என்ற குடும்பத்துக்கு ஒரு பெரிய சொக்லற் தொழிற்சாலை இருந்தது. எங்கள் பிள்ளைகள் கடையில் அழுது வாங்கும் கிற்கற் 1935இல் அங்கேதான் முதலில் செய்யப்பட்டது. அந்தக் குடும்பத்தின் மகன் சீபோம் ரௌன்றீ. இலண்டனில் சாள்ஸ் பூத் என்ற கப்பல் முதலாளி தெருத்தெருவாக ஆராய்ந்து, நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் வறுமையில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். அது தலைநகரத்துக்கு மட்டும் உரிய நிலைமையா, அல்லது தன்னுடைய சின்ன நகரத்திலும் அப்படித்தானா என்று அறிய ரௌன்றீ விரும்பினார். 1899இல் யோர்க்கின் தொழிலாளர் தெருக்கள் எல்லாவற்றுக்கும் ஆட்களை அனுப்பினார். 11,560 குடும்பங்கள், 46,754 பேர். வீட்டில் எத்தனை அறை, என்ன வாடகை, எத்தனை வீட்டுக்கு ஒரு தண்ணீர்க் குழாய், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று எல்லாம் எழுதப்பட்டன.

அடுத்ததாக ஒரு கோடு வேண்டியிருந்தது. தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பம் உயிரோடும் உடல் தெம்போடும் இருக்கக் குறைந்தது எவ்வளவு வேண்டும்? சாப்பாட்டுக்கு 12 சிலிங் 9 பென்ஸ், வாடகைக்கு 4 சிலிங், உடுப்பு, எரிபொருள், வெளிச்சம் போன்றவைக்கு 4 சிலிங் 11 பென்ஸ். மொத்தம் கிழமைக்கு 21 சிலிங் 8 பென்ஸ். (அப்போது 12 பென்ஸ் ஒரு சிலிங், 20 சிலிங் ஒரு பவுண்.) அதே யோர்க்கில் சாதாரண கூலியாளின் சம்பளம் 18 முதல் 21 சிலிங் வரைதான். அதாவது ஒரு நாளும் லீவு எடுக்காமல், ஒரு துளி குடிக்காமல் உழைத்தாலும், மூன்று பிள்ளை உள்ளவனின் கணக்கு ஒப்பேறாது.

1901இல் புத்தகம் வெளிவந்தது. யோர்க் மக்களில் நூற்றுக்கு 28 பேரளவில் வறுமையில் இருந்தார்கள். இதில் வருமானமே அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்களைத் தனியாக எடுத்து, ஏன் இந்த நிலை என்று பார்த்தார்கள். சோம்பல், குடி, சூது என்று பெரியவர்கள் காலம் காலமாகச் சொல்லிவந்த பதில் அங்கே எடுபடவில்லை. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், நூற்றுக்கு 52 பேர், ஒழுங்கான வேலை இருந்தும் சம்பளம் போதாததால் ஏழைகள். இன்னும் 22 பேர் பிள்ளைகள் கூடியதால். 15 பேருக்கு மேல், உழைப்பவர் செத்துப்போனதால். வேலையில்லாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. இதைச் சொன்னவர் ஒரு தொழிற்சங்கக்காரர் அல்ல, ஒரு முதலாளியின் மகன் என்பதை நாங்கள் இரண்டு தரம் வாசித்துத்தான் நம்பினோம்.

ரௌன்றீ தன் கோடு எவ்வளவு கடுமையானது என்பதையும் மறைக்கவில்லை. அந்தக் கோட்டில் வாழும் குடும்பம் பஸ்ஸில் ஏறக்கூடாது, பத்திரிகை வாங்கக்கூடாது, தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடிதம்கூடப் போடக்கூடாது, முத்திரைக்குக் காசு இல்லை என்று அவரே எடுத்துச் சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் எங்களுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஊரில் இருக்கும் அம்மாவோடு கதைப்பது ஒரு மனிதனின் தேவையா, ஆடம்பரமா? கோடு போடுகிறவர் இதற்கு ஒரு பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். ரௌன்றீயும் பின்னாளில் பதிலை மாற்றினார். 1936இல் அதே நகரத்தைத் திரும்ப ஆராய்ந்தபோது வானொலி, பத்திரிகை போன்றவற்றையும் தேவை என்று சேர்த்துக் கோட்டை உயர்த்தினார். அந்தப் புதிய கோட்டின்படி தொழிலாளர் குடும்பத்தவரில் நூற்றுக்கு 31 பேர் கீழே இருந்தார்கள்.

ரௌன்றீ செய்ததுபோல வீடுவீடாக ஏறி இறங்க எல்லா நகரத்துக்கும் கட்டுப்படியாகாது. 1912இல் ஆதர் போவ்லி என்பவர் ரெடிங் நகரத்தில், ஏறக்குறைய இருபது வீட்டுக்கு ஒரு வீடு என்று எடுத்து விசாரித்தார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று எங்கள் ஆச்சிமார் சொன்னதுதான். இன்றைக்கும் முறை இதுதான். ஆனால் சோறு சமைத்தவர்களுக்குத் தெரியும், அகப்பை அடிவரை போகவேண்டும். ரீவியை நிறுத்திவிட்டு இருட்டில் இருக்கும் வீடுகள் அடிச்சோறு மாதிரி. அகப்பையில் வராது, அது வெந்ததா கருகியதா என்று ஒருவருக்கும் தெரியாது.

இன்று இந்த நாட்டில் வறுமையைப் பெரும்பாலும் இப்படி அளக்கிறார்கள். எல்லோரையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்பவரின் வருமானத்தை எடுத்து, அதில் நூற்றுக்கு அறுபதுக்குக் கீழே உள்ளவர்களைக் குறைந்த வருமானக்காரர் என்கிறார்கள். அதற்கு முன் வீட்டில் உள்ள தலைகளுக்கு ஏற்றபடி வருமானத்தைப் பிரிக்கிறார்கள். கணவன் மனைவி சேர்ந்தால் 1. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 0.20. கூட இருக்கும் பெரியவருக்கு 0.33. ஆகவே கிழமைக்கு 500 பவுண் கையில் வரும் இரண்டு பேரின் வீட்டுக்கு அது 500தான். அதே காசு இரண்டு சிறு பிள்ளைகளும் அம்மம்மாவும் சேர்ந்த வீட்டுக்கு வந்தால், 1.73ஆல் பிரித்து, 289 பவுண் மாதிரி. சம்பளச் சிட்டை ஒன்று, வாழ்க்கை வேறு என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் வேறு கணக்கை நாங்கள் பார்க்கவில்லை. வாடகை கொடுத்த பிறகு என்ன மிச்சம் என்றும் தனியாக ஒரு கணக்குப் பார்க்கிறார்கள். இலண்டனில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டாவது கணக்குத்தான் உண்மைக் கணக்கு.

ஒரு குறையும் உண்டு. வரி, பிரிந்த குடும்பத்துக்குக் கொடுக்கும் ஜீவனாம்சம் எல்லாம் வருமானத்தில் கழிக்கப்படும். ஊரில் தங்கச்சிக்கு மாதாமாதம் அனுப்பும் காசு கழிக்கப்படுவதில்லை. அது எங்கள் கையிலேயே இருப்பதாகத்தான் கணக்கு. இது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பவன் இதை யாரிடம் சொல்வது?

இலங்கையிலும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வீடுகளின் வருமானம், செலவு பற்றி ஆய்வு நடத்துகிறது. 1990/91, 1995/96, 2002 ஆகிய மூன்று ஆய்வுகளிலும் வடக்கும் கிழக்கும் இல்லை. சண்டை நடந்ததால் போகமுடியவில்லை. நாட்டின் வறுமை இவ்வளவு என்று வந்த எண்களில் எங்கள் ஊர்கள் ஒன்றும் இல்லை. எல்லா மாவட்டங்களும் அடங்கிய ஆய்வு 2012/13இல்தான் வந்தது. அப்போது நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 6.7 பேர் ஏழைகள் என்று சொன்னார்கள். முல்லைத்தீவுக்கு 28.8. மன்னாருக்கு 20.1. இருபது வருடமாக அந்தச் சனம் எந்தக் கணக்கிலும் இல்லாமல் பட்டினி கிடந்திருக்கிறது. அக்கா அங்கேதான் கலியாணம் முடித்து இருந்தவ. இந்த எண்ணை வாசித்துக் காட்டியபோது, "அப்ப எங்களை ஒருத்தரும் எண்ணேல்லையோ?" என்று மட்டும் கேட்டா.

புதிதாக வந்தவர்களுக்குச் சில விஷயங்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் குடிசன மதிப்புக்குப் பதில் சொல்வது சட்டப்படி கட்டாயம். மற்ற வீட்டு ஆய்வுகள் உங்கள் விருப்பம். வேண்டாம் என்று சொன்னாலும் குற்றமில்லை, விரும்பாத கேள்வியை விட்டுவிடலாம். வருபவரிடம் படம் போட்ட அடையாள அட்டையைக் கேளுங்கள். கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு ரெலிபோன் பண்ணி ஆள் சரிதானா என்று விசாரித்த பிறகு கதவைத் திறவுங்கள். வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தைக் கேட்பவன் கள்ளன், அவனை உள்ளே விடவேண்டாம். தேசிய புள்ளிவிபர அலுவலகம் திரட்டும் தனிப்பட்ட விபரங்களைச் சட்டத்துக்கு மாறாக வெளியில் கொடுப்பது 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அகதி விடுதிகளில் இருப்பவர்களிடம் இந்த ஆய்வுகள் பெரும்பாலும் வருவதில்லை. தனி வீடுகளில் இருப்பவர்களைத்தான் எடுக்கிறார்கள். ஆகவே விடுதியை விட்டு வீட்டுக்கு வந்தவர்கள்தான் எங்கள் பக்கத்துக் கதையைச் சொல்லமுடியும்.

அந்த அட்டையை அக்கா எறியவில்லை, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தா. கடிதத்தில் இருந்த இலக்கத்துக்கு அடித்து ஆளைப் பற்றி விசாரித்தோம். அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண்மணி வந்தா. அத்தான் முதலில் ஐந்து பேர் என்றார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒன்பது" என்றா. பிறகு பதினான்கு நாளுக்குச் செலவு எழுத ஆளுக்கொரு கொப்பி தந்துவிட்டுப் போனா. பாண், பால், பச்சை மிளகாய், பஸ் காசு, பிள்ளையின் பள்ளிக்கூடப் பயணத்துக்குக் கட்டிய காசு என்று ஒன்றும் விடாமல் எழுதினோம். ஆறாம் நாள் இரவு வேலை முடிந்து வந்து பார்த்தால், அக்கா தன் கொப்பியோடு மேசையில் இருந்தா. "அம்மாவுக்கு அனுப்பின நாற்பது பவுணை எங்க எழுதிறது?" என்றா. "அன்பளிப்பு எண்டு ஒரு இடம் கிடக்கு, அதுக்க எழுதுங்கோ" என்றோம். "அன்பளிப்போ? அது மருந்துக் காசு" என்று சொல்லி, அந்தப் பெண்மணிக்கு விளங்கட்டும் என்று பிள்ளையிடம் கேட்டு, மருந்து என்பதையும் ஆங்கிலத்தில் பக்கத்தில் எழுதி வைத்தா.