வாலுக்குக் கீழேயும் வலிக்கும்

நாய் பின்பக்கத்தை நிலத்தில தேய்ச்சு இழுத்துக்கொண்டு போனால் நாங்கள் இரண்டு வேலைதான் செய்கிறோம். ஒன்று, போனை எடுத்து வீடியோ. மற்றது, "பூச்சி போல" எண்டு சொல்லி ஒரு பூச்சிக் குளிசை. சிரித்தும் முடிகிறது, வைத்தியமும் முடிகிறது. நாய் மட்டும் தேய்த்துக்கொண்டே இருக்கிறது.

பூச்சியும் காரணமாகலாம். ஆனால் இன்னொரு காரணம் இருக்கு. அதை வாயால் சொல்லவே எங்களுக்குக் கூச்சம். நாயின் மலவாய்க்கு இரண்டு பக்கமும், மணிக்கூட்டில் 4உம் 8உம் இருக்கிற இடங்களில், இரண்டு சின்னப் பைகள் உண்டு. பூனைக்கும் உண்டு. அதற்குள் நாற்றமுள்ள திரவம் ஊறும். இறுகலான மலம் போகும்போது அந்த அழுத்தத்தில் பை தானாகக் காலியாகும். வயிற்றோட்டம், உடற்பருமன், தோல் ஒவ்வாமை எண்டு வந்தால் திரவம் தேங்கித் தடித்து அடைக்கும். பிறகு கிருமி, சீழ், கட்டி. கடைசியில் தோலை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

அந்த வலியோடு இருக்கிற நாயைத்தான் "மீன் நாத்தம்" எண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு கலைக்கிறோம்.

விசர்நாய்த் தடுப்பூசி போட்டாச்சு, கடமை முடிஞ்சுது எண்டு நினைக்கிறோம். ஊசி கட்டாயம் தேவை. ஆனால் அதற்குப் பின்னால் எங்கட உயிர்ப்பயமும் இருக்கு. வாலுக்குக் கீழே வரும் வலி எங்களைக் கடிக்காது. அதனால்தான் அது எங்கள் கண்ணில் படுவதில்லை.

"மனுசருக்கே மருந்து வாங்கக் காசில்லை, நாய்க்கா?" எண்டு கேட்பார்கள். வாலைத் தூக்கிப் பார்க்க என்ன காசு? அடிக்கடி நக்குதா, இருக்கக் கஷ்டப்படுதா, மலம் போகும்போது முனகுதா எண்டு கவனிக்க என்ன காசு?

வீடியோ பார்த்துவிட்டு வீட்டில் பிதுக்கக் கிளம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேணும். சுகமாக இருக்கிற பையைப் பிதுக்கத் தேவையே இல்லை. தெரியாமல் பிதுக்கினால் காயம்தான் மிச்சம். வீக்கம், இரத்தம், சீழ் கண்டால் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். திரும்பத் திரும்ப வந்தால் சாப்பாட்டையும் எடையையும் பற்றி அவரிடமே கேளுங்கள்.

கூச்சம் எங்களுடையது, வலி அதனுடையது. எங்கட கூச்சத்துக்கு அது ஏன் வலி சுமக்க வேணும்?