“எங்க லிமிட் இல்லை”



பாரூரிலிருந்து வேலை நிமித்தமாக அடிக்கடி ஓசூர் போய் வருபவன் நான். போன வாரம் ஒரு மாலை, நெடுஞ்சாலையோர நிறுத்தம் ஒன்றில், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் லாரிகளின் குறுக்கே போய்ப் போய் நின்றார். மேலே கம்பெனி யூனிபார்ம் சட்டை, இடுப்பில் துண்டு, காலில் சீழ் பிடித்த புண். கண்ணுக்குத் தெரியாத யாருடனோ இந்தியில் ஓயாத சண்டை. நாலு பேர் வீடியோ எடுத்தார்கள். ஒருவர் கல்லைப் பொறுக்கினார். டீக்கடை அம்மா மட்டும் பன்னும் தண்ணீரும் வைத்துவிட்டு வந்தார். எனக்கும் பயம்தான், கிட்டே போகவில்லை.

காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். “யாரையாவது அடிச்சாரா?” இல்லை என்றேன். “அப்ப கேஸ் இல்லையே சார். அது எங்க லிமிட்டும் இல்லை.”

மறுநாள் அவரைக் காணோம். ராத்திரி யாரோ வண்டியில் ஏற்றி அத்திப்பள்ளி தாண்டி இறக்கிவிட்டார்களாம். அந்த வண்டி இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை வாசலே வந்திருக்கும்!

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 100-வது பிரிவு. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுப்பது அந்தப் பகுதி காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை. யாரையும் அடித்திருக்க வேண்டியதில்லை. லாக்கப்பில் வைக்கக் கூடாது; 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். எல்லை தாண்டி இறக்கிவிடச் சொல்லும் பிரிவு எதுவும் அதில் இல்லை.

கல் எடுத்த கை எதுவரை போகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியை நம்பி, பழவேற்காட்டில் மனநலம் பாதித்த ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரி பேருந்து நிலையங்களிலும் சிப்காட் நிறுத்தங்களிலும் இந்தப் பிரிவையும் அழைக்க வேண்டிய எண்ணையும் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தியில் எழுதிவைக்க ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உத்தரவிட வேண்டும். அன்று அவர் போட்டிருந்த யூனிபார்ம் சட்டை யாரோ கொடுத்ததாகவும் இருக்கலாம், விசாரித்தால் தெரிந்துவிடும். அதன் முதுகில் இருந்த கம்பெனிப் பெயரைக் குறித்து வைத்திருக்கிறேன். கேட்கிற அதிகாரியிடம் கொடுக்கத் தயார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாரூர், கிருஷ்ணகிரி மாவட்டம்