கருவியும் ஜோடனையும்

சென்ற இதழில் நண்பர் ஒருவர், வீடியோ எடுக்கிறவனுக்குக் கண் ஒன்று போதும், கேமராவோடு சேர்த்து விற்கப்படும் மற்ற சாமான்கள் எல்லாம் வியாபாரிகளின் தந்திரம் என்று தீர்ப்பு எழுதியிருந்தார். அதற்கு முந்தைய இதழில் இன்னொருவர், கிம்பல் இல்லாதவனுக்குச் சினிமா மொழியே கிடையாது என்கிற தொனியில் பேசியிருந்தார். இருவரும் எதிரெதிர் முகாமில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் பார்வையில் இருவருக்கும் ஒரே நோய். ஒருவருக்குக் கருவி தீட்டு; மற்றவருக்கு மந்திரம். அது என்ன வேலை செய்கிறது என்று இருவரும் கேட்கவில்லை.

இதைப் பேச எனக்கென்ன யோக்கியதை? பகலெல்லாம் வங்கியில் பிறர் பணத்தை எண்ணுகிறவன் நான். ஆனால் ஒரு குற்றத்தில் எனக்குப் பங்குண்டு. அந்த யோக்கியதையில் எழுதுகிறேன்.

இரண்டு வருஷங்களுக்கு முன், நம்மில் நான்கு பேர் சேர்ந்து ஒரு முதிய கவிஞரைப் பதிவு செய்யப் போனோம். வசூலான பணம் 22,000 ரூபாய். கணக்கு என்னிடம். பெரும்பகுதியைக் கிம்பலுக்குக் கொடுத்தோம். ரசீதில் கையெழுத்துப் போட்டவன் நான். அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைத்திருக்கக்கூடிய காலர் மைக்கை யாரும் நினைக்கவில்லை. பெரியவர் இரண்டு மணி நேரம் வாசித்தார், அச்சில் வராத நீண்ட கவிதை ஒன்று உட்பட. நான்கு மாதத்தில் காலமானார். இன்று அந்தப் பதிவைப் போட்டால் கேமரா அவரை வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஐந்து தடவை பிரதட்சிணம் செய்கிறது. மின்விசிறி கேட்கிறது. தெருவில் போன ஆட்டோ கேட்கிறது. அடுக்களைக் குக்கர் மூன்று விசில் அடித்தது துல்லியமாகக் கேட்கிறது. அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. குரலைத் தாழ்த்தி அவர் வாசித்த கடைசிப் பகுதியை நாங்கள் நால்வரும் மாறிமாறிக் கேட்டும் எழுதியெடுக்க முடியவில்லை. கையெழுத்துப் பிரதியும் கிடைக்கவில்லை. அந்தக் கவிதை போயிற்று.

கண் போதும் என்கிற நண்பர் இதற்கு என்ன பதில் சொல்வார்? ஒலியின் பௌதிகம் யாருடைய அழகியலுக்கும் கட்டுப்பட்டதல்ல. திறந்த வெளியில், தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் குரல் குறையும்போது சுவரின் எதிரொலி அப்படியே நிற்கும். பத்தடி தள்ளி நிற்கும் கேமராவின் மைக்கும், மோவாய்க்கு ஒரு சாண் கீழே சட்டையில் குத்திய மைக்கும் ஒரே மனிதனைக் கேட்பதில்லை. கேமராவின் தலையில் நீளமான மைக்கை மாட்டிவிட்டால் தூரத்துக் குரலை இழுத்து வந்துவிடும் என்பதும் பிரமைதான். கூடவே காதில் ஹெட்போன். அது இருந்திருந்தால் மின்விசிறியை அப்போதே நிறுத்தியிருப்போம்.

நண்பர் தன் கட்சிக்கு 1995-இன் டாக்மே அறிக்கையைச் சாட்சிக்கு அழைக்கிறார். அறிக்கை ஃபில்டரைத் தடுத்தது, முக்காலியை ஒதுக்கிக் கையில் பிடித்த கேமராவைக் கேட்டது. உண்மை. ஆனால் ஒலியும் படமும் தனித்தனியே உருவாகக் கூடாது என்பதும் அதே அறிக்கையின் விதி. அவர்கள் ஒலியைத் துறக்கவில்லை. நடந்த இடத்திலேயே அதைப் பிடிக்க வேண்டுமென்று தங்களுக்கே விலங்கு மாட்டிக்கொண்டார்கள். எல்லாவற்றையும் கையாளத் தெரிந்தவன் துறப்பது விரதம். தெரியாதவன் துறப்பது சோம்பல்.

ஃபில்டர் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் உச்சி வெயிலில் 100 ஐ.எஸ்.ஓ.வில், ஷட்டரை 1/50 விநாடியில் வைத்தால், துவாரத்தை எஃப் 22 வரை இறுக்க வேண்டிவரும். முகத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்க எஃப் 2.8 வேண்டுமானால் ஆறு ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். அதற்குத்தான் என்.டி. 64 என்கிற கறுப்புக் கண்ணாடி. அது இல்லாதவர் ஷட்டரை 1/3000க்கு ஏற்றுகிறார். கூத்தாடுகிறவனின் கால்கள் வெட்டிவெட்டி நகர்கின்றன. ஷட்டர் ஏன் 1/50? விநாடிக்கு 25 சட்டகம் ஓடும்போது அதன் பாதி நேரம் திறந்திருந்தால் அசைவு நம் கண்ணுக்கு இயல்பாக இருக்கும். இன்னொரு காரணம், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் நாட்டான் சொல்லிக்கொடுத்த 1/60ஐ அப்படியே ஒப்பித்து, டியூப் லைட் வெளிச்சத்தில் படம் துடிக்கிறதே என்று கேமராவைத் திட்டுகிறவர்களை அறிவேன். இரவல் கண் என்றால் இதுதான்.

இனி கிம்பல் பக்தருக்கு. வழுக்கும் கேமராவுக்கு நான் விரோதியல்ல. காரெட் பிரவுனின் ஸ்டெடிகாம் 1976-இல் திரைக்கு வந்தது. ‘தி ஷைனிங்’ படத்தில் (1980) ஓட்டல் தாழ்வாரத்தில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும் சிறுவனைத் தரையோடு தரையாகப் பின்தொடர்ந்தது. அங்கே அந்த வழுக்கலுக்கு அர்த்தம் உண்டு. ஏதோ ஒன்று அவனைத் தொடர்கிறது. உட்கார்ந்து வாசிக்கிற கிழவரை எது சுற்றுகிறது? எங்கள் பொருள்மோகம் சுற்றியது. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு முக்காலி. வாசிக்கிறவர் எழுந்து ஜன்னலுக்குப் போனால் ஒரே சீராய்த் திரும்பத் தெரிந்த, எண்ணெய்த் தடையுள்ள தலை அதற்கு இருந்தால் போதும்.

யாப்பின் அலங்காரத்தை உதறியதாக மார்தட்டுகிற நாம், அதே அலங்காரத்தை மோட்டார் வைத்துத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறோம். எனக்கு இதுதான் வெட்கம்.

எதிர் உதாரணம் ஒன்று. ‘அபராஜிதோ’ (1956) படத்துக்காகக் காசி வீட்டின் முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் கட்டினார்கள். முற்றத்தில் நிழலில்லாமல் இறங்கும் வெளிச்சம் விளக்குகளால் வராது. சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்துத் திருப்பினார். அந்தத் துணியைத்தான் துணைக்கருவி என்கிறேன். காசி முற்றத்தில் வெளிச்சம் எப்படி இறங்கும் என்று முதலில் பார்த்தவனுக்குத் துணி பிறகு தோன்றியது. நாங்கள் கடைக்குப் போன பிறகு கவிஞரைப் பார்க்கப் போனோம்.

அடுத்த மாதம் இன்னொருவர் வீட்டுக்குப் போகிறோம். அவருக்கு வயது 82. வசூல் கணக்கு இந்தத் தடவையும் என்னிடம்தான். மைக், ஹெட்போன், முக்காலி, மிஞ்சினால் கறுப்புக் கண்ணாடி. வெள்ளை வேட்டி என் வீட்டிலேயே இருக்கிறது. கிம்பலுக்கு என் கையெழுத்து கிடைக்காது.