பட்டமும் பட்டியும்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது எமது மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு. வெள்ளைக்காரர் காலத்துப் பேச்சு என்று சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் வேளை வந்ததும் அதன்படியே நடக்கிறோம்.

இதற்காக எமது மக்களைக் குறைகூற நாம் விரும்பவில்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995இல் வலிகாமம் எங்குமிருந்தும், 2009இல் வன்னியிலிருந்தும் வெளியேறியபோது எமது குடும்பங்கள் மாட்டை அவிழ்த்துவிட்டன. இறைப்பு இயந்திரத்தைக் கிணற்றடியில் விட்டன. தோட்டத்தையும் வயலையும் விட்டன. ஆனால் பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்தன. காணியைப் பறிக்கலாம், படிப்பைப் பறிக்க முடியாது என்பது இடம்பெயர்ந்தவர் பட்டுக் கற்ற பாடம். மாதம் முடிய வரும் சம்பளமும் முதுமையில் வரும் ஓய்வூதியமும் அவர்களுக்கு எத்தகைய ஆறுதல் என்பதை முகாம் வாழ்வை அறிந்த எவரும் உணர்வர்.

ஆயினும் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாதுள்ளது. பட்டம் பெற்ற பிள்ளை அரச நியமனக் கடிதத்தை எதிர்பார்த்து ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருக்கிறது. மறுபுறத்தில், திரும்பக் கிடைத்த காணி பற்றை மண்டிக் கிடக்கிறது. கிணற்று நீர் உவராகிறது. பால் விலையைத் தீர்மானிப்பவர் வேறு யாரோ. அறிவு ஓரிடத்திலும் தேவை வேறோரிடத்திலும் கிடக்கின்றன. இவற்றை இணைத்தவர்கள் எங்கேனும் இருந்தார்களா?

இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் வர்கீஸ் குரியன். 1921இல் கோழிக்கோட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவர். சென்னையில் இயேசு சபையினரின் லொயோலாக் கல்லூரியில் பௌதிகமும், பின்னர் கிண்டியில் பொறியியலும் கற்றார். அரச புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் மிச்சிகனில் முதுமாணிப் பட்டம் பெற்றார். நாடு திரும்பியதும், புலமைப்பரிசிலுக்கான கடமையாக, குஜராத்தின் ஆனந்த் என்னும் சிற்றூரிலிருந்த அரச பாற்பண்ணைக்கு அனுப்பப்பட்டார். 1949 மே 13இல் அங்கே போய் இறங்கியபோது அவருக்குச் சிறிதும் விருப்பம் இருக்கவில்லை. மணமாகாதவர், மாமிசம் உண்பவர், வேற்று மதத்தவர் என்பதால் வீடும் கிடைக்காமல் ஒரு மோட்டார்க் கொட்டகையில் தங்கினார். கடமைக்காலம் முடிந்ததும் போய்விடுவதே அவரது எண்ணம்.

அவரைத் தடுத்து நிறுத்தியவர்கள் விவசாயிகள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அப்பகுதிப் பால் உற்பத்தியாளர்கள், ஒரு தனியார் நிறுவனம் வைத்ததே விலையென்ற நிலையை எதிர்த்துப் பால் கொடுக்க மறுத்துப் போராடி, 1946இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்திருந்தார்கள். இரண்டு கிராமச் சங்கங்களும் நாளொன்றுக்கு 247 லீற்றர் பாலுமே அவர்களது ஆரம்பம். சங்கத்தின் தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல், இயந்திரங்களைச் சீர்செய்து தரும்படி குரியனைக் கேட்டார். பின்னர் எங்களோடு இருந்துவிடும்படி கேட்டார். குரியன் அரச உத்தியோகத்தை விட்டு விவசாயிகளின் சம்பளத்துக்கு வேலைசெய்யும் ஊழியரானார்.

எருமைப்பாலை மாவாக்க முடியாதென வெளிநாட்டு நிபுணர்கள் கூறியிருந்தார்கள். குரியனும் அவருடைய நண்பர் தலாயாவும் அதைச் செய்து காட்டினார்கள். 1955இல் பால்மாத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இன்று 'அமுல்' என்று உலகம் அறிந்த பெயர் அச்சங்கத்தினுடையதே. ஆனந்தின் முறையை இந்தியா எங்கும் பரப்புவதற்கு 1970இல் தொடங்கிய திட்டத்தின் பயனாக, 1990களின் இறுதியில் இந்தியா உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடாயிற்று. இரண்டு மாடு வைத்திருந்த பெண்ணுக்கும் காலையில் ஊற்றிய பாலுக்கு உரிய காசு கிடைத்தது. 2012இல் காலமான குரியன், தாம் பால் குடிப்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவந்தவர்!

மற்றொருவர் எமது மொழி பேசியவர். தஞ்சை மாவட்டத்தின் இளங்காட்டிற் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயப் பட்டம் பெற்ற கோ. நம்மாழ்வார். 1963இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரச உத்தியோகத்தில் சேர்ந்தார். மழையை நம்பி வாழ்ந்த ஏழைக் கமக்காரர் நடுவே, அவர்களால் வாங்க முடியாத உரத்தையும் விதையையும் வைத்து ஆராய்ச்சி நடந்தது. இது யாருக்குப் பயன்படும் என்ற கேள்வி அவரை விடவில்லை. 1969இல் வேலையைத் துறந்தார்.

அதன்பின் அவர் பணிபுரிந்த இடம் களக்காட்டில் இருந்த 'அமைதித் தீவு' என்னும் நிறுவனம். அதன் மூலகர்த்தா தொமினிக் பீர் என்ற பெல்ஜிய நாட்டுத் துறவி. இரண்டாம் உலகப்போரினால் இடம்பெயர்ந்த மக்களுக்குச் செய்த பணிக்காக 1958இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றவர். ஊரிழந்தோருக்காகத் தொடங்கிய பணி இவ்வாறு ஒரு தமிழ்க் கமக்காரனின் வயல்வரை வந்து சேர்ந்தது. 2004 சுனாமியால் நாகப்பட்டினத்து வயல்கள் உப்பேறியபோது, அவற்றை மீட்கும் வேலையில் நம்மாழ்வார் இறங்கினார். பசுந்தாட்பயிரை விதைத்து, பூத்ததும் மண்ணுக்குள்ளேயே உழுதுவிடுவது போன்ற எளிய முறைகளே அங்கு கைகொடுத்தன. 2013 டிசம்பர் 30இல் இறக்கும்வரை இயற்கை வேளாண்மைக்காக ஊர் ஊராக நடந்தார்.

பெண் பிள்ளைகளுக்கும் முன்னோடி உண்டு. சட்டப் பட்டதாரியான எலா பட், அகமதாபாத்தில் தலைச்சுமை தூக்கியும் தெருவில் விற்றும் பிழைத்த பெண்களுக்காக 1972இல் தொழிற்சங்கம் அமைத்தார். முதலாளி இல்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கு என்று அதிகாரிகள் பதிய மறுத்தார்கள், வாதாடிப் பதிவித்தார். 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபா போட்டுத் தமக்கென ஒரு வங்கியைத் தொடங்கினார்கள். குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் எமது சகோதரிகளுக்கு இதன் பொருளை நாம் விளக்கத் தேவையில்லை.

இவர்களுள் எவரும் படிப்பை வீசிவிட்டுப் போகவில்லை. படித்ததை மற்றவர் பார்க்காத இடத்தில் பயன்படுத்தினார்கள். ஆகவே பிள்ளைகளே, தியாகம் செய்யுங்கள் என்று பிரசங்கம் செய்துவிட்டு நாம் ஒதுங்கிவிடலாமா? அது நீதியாகாது. தாயின் தாலிக்கொடி அடைவிலிருக்க, வெறுங்கையோடு கிராமத்துக்கு வா என்று ஒரு பட்டதாரியிடம் கேட்க எமக்கு உரிமை இல்லை. குரியன் பட்டினி கிடந்து பணி செய்யவில்லை. விவசாயிகள் அவரை அழைத்தார்கள், சம்பளம் கொடுத்தார்கள், நம்பினார்கள். முதலில் சங்கம் இருந்தது. பிறகே பட்டதாரி வந்தார்.

எனவே எமது கருத்து இதுவே. எமது கமக்காரர் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஒன்றிரண்டு சேர்ந்தாவது, நியாயமான வேதனத்தில் ஒரு பட்டதாரியை அமர்த்த முன்வர வேண்டும். யாழ் பல்கலைக்கழக விவசாய பீடம் கிளிநொச்சியில், எமது வயல்களின் நடுவிலேயே இருக்கிறது. அங்கிருந்து வெளியேறும் பிள்ளை எமது மண்ணைப் பரிசோதிக்கவும், சங்கத்தின் கணக்கை ஒழுங்காக வைக்கவும், பாலுக்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை பேசவும் ஏன் முடியாது? பெற்றோரும், தோட்டத்துக்குத் திரும்பிய பட்டதாரிப் பிள்ளையை ஊரார் முன் தலைகுனிய வைக்கலாகாது. திருச்சபையாகிய நாமும் எம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும். எமது பாடசாலைகளின் பரிசளிப்பு விழாக்களில் வைத்தியரையும் பொறியியலாளரையும் மேடையேற்றினோம். படித்துவிட்டு மாடு வளர்த்தவரை ஒருநாளாவது மேடைக்கு அழைத்தோமா?

தாலந்துகளின் உவமையில் ஒருவன் தன் தாலந்தை மண்ணிலே புதைத்தான். அவன் சோம்பலால் மட்டுமல்ல, பயத்தினாலும் புதைத்தான். எமது பயத்துக்குக் காரணங்கள் பல உண்டு. ஆண்டவர் அவற்றை அறிவார். ஆயினும் பொலித்தீன் பையிற் சுற்றிக் காப்பாற்றிய சான்றிதழ் அப்பைக்குள்ளேயே கிடக்குமானால் அதுவும் புதைத்த தாலந்துதான். அடுத்த சங்கக் கூட்டத்தில், எங்கள் ஊரில் வேலையில்லாமல் இருக்கும் பட்டதாரிகள் யார், அவர்கள் என்ன படித்தார்கள் என்று ஒரு பெயர்ப்பட்டியல் எழுதிப் பார்ப்போம். அவர்களை அழைத்துப் பேசுவோம். அழைக்காமல் எவரும் வரமாட்டார்கள்.