தேத்தண்ணி ஊத்துப்பட்ட லப்டொப்

எங்கட வீடுகளில லப்டொப் ஒரு ஆளுக்குச் சொந்தமில்லை. அக்காவின் அசைன்மென்ற், தம்பியின் சூம் வகுப்பு, இரவில வெளிநாட்டு வீடியோ கோல், எல்லாம் அந்த ஒண்டிலதான். பக்கத்தில எப்பவும் ஒரு கோப்பை பால்தேத்தண்ணி. ஒருநாள் ஊத்துப்படத்தான் செய்யும்.

ஊத்துப்பட்டதும் நாங்கள் எல்லாரும் விடுற பிழை ஒண்டு இருக்கு. துடைச்சுப்போட்டு, "வேலை செய்யுதோ பாப்பம்" எண்டு திரும்ப ஒன் பண்ணுறது. வீட்டில ஆருக்கும் தெரிய முதல் சரியாக்கிவிட வேணும் எண்ட பயம். ஈரத்துக்குள்ளால மின்சாரம் ஓடினால் உள்ளுக்குள்ள செப்புக் கோடுகள் அரிக்கத் தொடங்கும். ஆகவே பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து நிப்பாட்டுங்கோ, சார்ஜரைக் கழட்டுங்கோ, விரிச்சபடி கவிழ்த்து வையுங்கோ. பற்றரியைக் கழட்ட முடிஞ்சால் அதையும். அரிசிக்குள்ள புதைக்க வேண்டாம், அது சீனியை உறிஞ்சாது, தூசுதான் மிச்சம்.

காய்ஞ்ச பிறகு இரண்டு நிலை. விசை ஒட்டுது, ஆனால் எழுத்துச் சரியாக வருகுது எண்டால் சீனி மேலதான் நிக்குது. அதைத் துப்புரவாக்கலாம். எல்லாரும் ஐசோப்புரோப்பைல் அற்ககோல் எண்டுதான் சொல்லுவினம், ஆனால் சீனி அற்ககோலில நல்லாக் கரையாது. பற்றரியைக் கழட்டிப்போட்டு, முதல் தண்ணி தொட்டுப் பிழிஞ்ச பஞ்சுக்குச்சி, பிறகுதான் அற்ககோல். விசை மூடியைக் கிளப்பேக்க கவனம், கீழ இருக்கிற கத்தரிக்கோல் மாதிரியான பிளாஸ்ரிக் கொளுவி லேசில உடையும். ஸ்பேஸ், ஷிப்ற் விசைகளுக்கு அடியில கம்பியும் இருக்கும்.

ஒரு விசையை அமத்த வேற எழுத்து வருகுது, அல்லது நாலைஞ்சு விசை ஒண்டாச் செத்துப்போச்சு எண்டால், திரவம் அடியிலுள்ள மெல்லிய பிளாஸ்ரிக் தாள்களுக்கு இடையில இறங்கியிட்டுது. அப்ப கீபோட்டை மாத்தத்தான் வேணும்.

எங்கட கோபம் இங்கதான். கடைக்காரர் "மேல்பக்கம் முழுக்க மாத்தோணும்" எண்டு சொல்லேக்க எப்பவும் ஏமாத்திறார் எண்டில்லை. இப்ப கனக்க லப்டொப்களில கீபோட்டை மேல்மூடியோட பிளாஸ்ரிக் முனைகளை உருக்கிப் பொருத்திவிடுறாங்கள். 2012இல் வந்த ரெற்றினா மக்புக் புரோவில் பற்றரியும் அதே மூடியில ஒட்டியிருந்தது. ஒரு கோப்பை தேத்தண்ணிக்கு கீபோட், மூடி, பற்றரி மூன்றும் போகும். பழைய திங்பாட்களில சில ஸ்குறூவோட கீபோட் தனியாக் கழரும், ஊத்துப்பட்டது கீழால வடியத் துளையும் இருக்கும். செய்யத் தெரியாமல் இல்லை, செய்யிறாங்கள் இல்லை. பிரான்சில் 2021இலிருந்து லப்டொப் விக்கேக்க, திருத்த எவ்வளவு இலகு எண்டு பத்துக்கு ஒரு புள்ளி போட்டுக் காட்ட வேணும் எண்டு சட்டம் வந்தது.

நாங்கள் கடையில ராம் எவ்வளவு, ஹாட் எவ்வளவு எண்டு கேக்கிறம். கீபோட் தனியாக் கழருமோ எண்டு கேக்கிறேல்லை. அடுத்தமுறை வாங்க முதல் அந்த மொடல் பேரை யூரியூப்பில போட்டு, கீபோட் மாத்திற வீடியோ ஒண்டைப் பாருங்கோ. மதர்போட்டையும் கழட்டித்தான் கீபோட்டுக்குப் போக வேணுமெண்டால், வேற மொடல் பாருங்கோ.