பிடியரிசியை மறந்தவர்கள்

புத்தாண்டுக்கு வாங்குகிற டைரிகளில் இப்போதெல்லாம் முதல் பக்கத்திலேயே கட்டம் போட்டு ஒரு கேள்வி கேட்கிறார்கள்: “ஐந்தாண்டு கழித்து நான் எங்கே இருக்க வேண்டும்?” அந்த டைரிகளில் பலவும் சிவகாசியில் அச்சாகின்றன. அச்சான தாளை மடித்துப் பாரம் பாரமாக அடுக்குகிற வேலையைப் பெண்கள் செய்கிறார்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி. அந்தக் கேள்வி ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை அவர்கள் விரலுக்கடியில் ஓடும். நின்று படித்தால் கட்டு குறையும்; கட்டு குறைந்தால் சனிக்கிழமை கைக்கு வருவதும் குறையும்.

இந்த ஊரில்தான் பள்ளி ஆண்டுவிழா தவறாமல் ஒரு பேச்சாளர் மேடையேறி, “திட்டமிட்டவன் உயர்வான், மனசு வைத்தால் முடியாதது இல்லை” என்கிறார். சொல்லாமல் சொல்வது இன்னொன்று: உயராதவன் மனசு வைக்காதவன். உதாரணத்துக்கு அவர் வெளியூர் போக வேண்டியதில்லை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறித் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை இருக்கிறது. ஆறாம் வகுப்பைத் தாண்டாத காமராஜர் முதலமைச்சரான கதை இருக்கிறது. கைதட்டலும் நிச்சயம்.

இரண்டும் உண்மைக் கதைகள். ஆனால் இரண்டையுமே பாதியில் நிறுத்திவிட்டுத்தான் கைதட்டுகிறோம்.

கல்கத்தாவில் தொழில் கற்க மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்தது. வாரச் சம்பளத்தை எதிர்பார்த்து உலை வைக்கிற வீட்டிலிருந்து ஒருவர் அப்படிக் கிளம்பியிருக்க முடியுமா? அவர்கள் பிறந்த நாடார் சமூகம் அப்போது கோயில் நுழைவுக்கே போராடிக்கொண்டிருந்தது. 1899 கலவரத்தில் சிவகாசி பற்றி எரிந்ததும் அதனால்தான். அந்த அவமானத்துக்கு அவர்கள் கண்ட மருந்து ஆளுக்கொரு வைராக்கியம் அல்ல, மகமை. வியாபாரத்தில் ஒரு பங்கை உறவின்முறை என்ற சமூகச் சபையின் பொதுப் பணத்துக்கு எடுத்துவைத்தார்கள். அதில் பள்ளியும் கிணறும் சத்திரமும் வந்தன. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். கல்கத்தா ரயில் கிளம்பியது அதற்கு மறு வருஷம்.

காமராஜர் படித்த விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலைக்குப் பிடியரிசிப் பள்ளி என்றே பெயர். வீட்டுக்கு வீடு, உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்தார்கள். அப்படிச் சேர்ந்த அரிசியில் நடந்த பள்ளி அது. அப்பா இறந்த பிறகு அங்கிருந்தும் விலகி மாமாவின் ஜவுளிக்கடையில் நிற்க வேண்டிவந்தது அந்தப் பையனுக்கு. பின்னாளில் முதலமைச்சரான அவர், பிள்ளைகளுக்கு வைராக்கியம் போதித்துக்கொண்டிருக்கவில்லை. பள்ளிக்கூடங்களைத் திறந்தார், மதியச் சோறு போட்டார். மனசு வைத்தால் போதும் என்று அவருக்கே தோன்றியிருந்தால் அந்தச் சோறு எதற்கு?

உழைப்பு குறைவு என்று சிவகாசி இருக்கும் இந்த மாவட்டத்தைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் விருதுநகர் ஆண்டுக்கணக்கில் மாநிலத்தின் முதலிடத்தை விடாமல் வைத்திருந்தது. அதே மாவட்டம் 2018இல் நிதி ஆயோக்கின் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் ஏறியது. பட்டியலின் பெயர்தான் அழகு. பின்தங்கிய மாவட்டம் என்பதே பொருள். பிள்ளைகள் படித்தார்கள், தேறினார்கள். தேறிய பிறகு கால் வைக்க அடுத்த படி இல்லை.

ஏன் இல்லை என்பதற்குப் பட்டாசு ஆலை வேன் வந்து நிற்கிற எந்த ஊரிலும் விடை கிடைக்கும். வேலைக்குச் சேரும்போதோ, தீபாவளிக்கோ, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ ஆலையில் அட்வான்ஸ் வாங்குகிறார்கள். வாராவாரம் கூலியில் அது கழியும். கழியும் வரை வேறு ஆலைக்குப் போக முடியாது. கழியும் முன்னே அடுத்த செலவு வந்துவிடும். வேறு தொழில் கற்றுக்கொள்ளலாமே என்று கேட்டால் வருகிற பதில் ஒன்றுதான்: “அட்வான்ஸ் கழியட்டும்ண்ணே, பெறகு பாப்போம்.” இதை எதிர்காலச் சிந்தனை இல்லாமை என்கிறோம். அவர்களோ எதிர்காலத்தை வாரக் கணக்கில் எண்ணி, அடகு வைத்துத்தான் மகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மழை பெய்தால் பட்டாசு மருந்து காயாது. அன்று வேலை இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. காற்றைக் காக்க வந்த தீர்ப்பில் எனக்குக் குறை இல்லை. பூட்டிய மாதங்களில் எந்த டைரியின் எந்தக் கட்டம் அடுப்பெரித்தது என்பதே கேள்வி. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்கள் வீடுகளிலும் ஏதோ ஒரு திட்டம் இருந்திருக்கும்.

“கந்தகம் தொட்ட கையிலிருந்து கலெக்டர் வரவில்லையா?” என்று கேட்பார்கள். பட்டாசுக் கிராமத்திலிருந்து படித்து மேலே வந்தவர்கள் உண்டு; அவர்கள் மனவுறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அப்படி வந்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். பரீட்சைக் கட்டணம் கட்டிய ஒரு வாத்தியார் இருப்பார். தம்பி படிக்கட்டும் என்று ராவெல்லாம் பட்டாசுக் குழாய் உருட்டிய ஓர் அக்கா இருப்பார். அந்த அக்காவுக்கும் மனவுறுதி இருந்தது. அவருக்காகக் குழாய் உருட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதை உச்ச நீதிமன்றமே ஒருமுறை புரிந்துகொண்டது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, பிள்ளைகளைப் படிக்கச் சொல்லும் அறிவுரையோடு நிற்கவில்லை. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், குழந்தைக்குப் பதில் அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும், முடியாவிட்டால் அது தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும் என்றது. பிள்ளை புத்தகத்தை எடுக்க வேண்டுமானால் வீட்டில் உலை கொதிக்க வேண்டும் என்பதுதான் அதன் உட்பொருள்.

திட்டமிடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. திட்டத்துக்கு முதல் வேண்டும். தோற்றாலும் சோறு நிற்காது என்ற தைரியம் வேண்டும். கற்றுக்கொள்கிற மாதங்களில் வீட்டைத் தாங்க ஒரு கை வேண்டும். இந்த மண்ணின் வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். தங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் மகமையால் செய்தது இதுதான். அந்த மகமையின் வரம்பு ஆலை வாசலோடு நின்றுவிட்டது என்பதே என் புகார். தொழிலாளிக்கு வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் ஏட்டில் மட்டும் இல்லாமல் கைக்கு எட்ட வேண்டும். வேலை நின்ற மாதத்துக்கு ஒரு கூலி வேண்டும். பிள்ளையின் கட்டணம் அட்வான்ஸ் கணக்கில் ஏறக் கூடாது.

அடுத்த ஆண்டுவிழாவிலும் பேச்சாளர் வரட்டும், மாணவியிடம் ஐந்தாண்டுத் திட்டத்தைக் கேட்கட்டும். அதற்கு முன், முன்வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருக்கும் ஆலை அதிபர் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்கட்டும்: அவள் அம்மாவின் அட்வான்ஸ் கழிய இன்னும் எத்தனை வாரம்?